உப்பு மணலுக்கு ஆகாத மெஷின்

தொலையாத மோதிரத்தைத் தேட மெஷின் வாங்கக் கடைப் படி ஏறிய ஆள், சிதம்பரம் டவுனிலேயே ஹேமசபேசன் ஒருவராகத்தான் இருப்பார். மோதிரம் அவர் இடுப்பில், வேட்டி மடிப்புக்குள், பாலிதீன் கவரில் சுருட்டி வைத்தபடி பத்திரமாக இருந்தது. உட்கார்ந்தால் குத்தியது. அதனால் மச்சான் எவ்வளவோ சொல்லியும் ஸ்டூலில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டார்.

மச்சான் ராஜகணேஷ் அவர் மனைவியின் தம்பி. மேல வீதிக்குப் பின்னால் சந்தில் கேமரா மாட்டும் கடை வைத்திருக்கிறான். எந்தச் சாமானைப் பற்றிக் கேட்டாலும் அரை நாள் படித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான். இந்தத் தடவை ஒரு வாரம் படித்திருந்தான்.

"மாமா, மெட்டல் டிடெக்டர்ல மூணு தினுசு இருக்கு. நல்லா கேட்டுக்கோங்க. மொதல்ல இது, சிங்கிள் ஃப்ரீக்வென்சி. வயலு, தோப்பு, மைதானம், அங்கெல்லாம் நல்லா வேல செய்யும். ஆனா கடலோரம் ஆவாது. மணல்ல உப்புத் தண்ணி ஊறியிருக்கு இல்ல, அதுல கரண்டு பாயும். அதையே உலோகம்னு நெனச்சிகினு கத்தும்."

"சரி."

"இது மல்டி. ஒரே நேரத்துல அஞ்சாறு அலைவரிசைல பாக்கும். உப்பு எது, தங்கம் எதுன்னு பிரிச்சிடும். மூணாவது பல்ஸ் மெஷின். அதுக்கு உப்பு ஒரு கணக்கே இல்ல. முழங்கையளவு ஆழத்துக்கும் பாக்கும். ஆனா ஆணி, சோடா மூடி, தூண்டி முள்ளு, எல்லாத்துக்கும் ஒரே மாதிரி கத்தும். நாள் பூரா தோண்டணும். நம்ம வேலைக்கு மல்டிதான் மாமா. தண்ணிக்குள்ள முக்கினாக்கூட ஒண்ணியும் ஆவாது."

"மொதல்ல சொன்னியே, அது போதும்."

ராஜகணேஷ் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "அது ஆவாதுன்னுதான மாமா இவ்ளோ நேரமா சொல்றேன்."

"வில ஜாஸ்தியா இருக்கறதெல்லாம் எதுக்கு? ஒரு நாள் வேல. கெடச்சா சாமி குடுத்தது, இல்லன்னா போவுது."

"எங்கப்பா மோதிரம் மாமா அது," என்றான் ராஜகணேஷ். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. ஹேமசபேசன் தெருவில் போகும் ஆட்டோவைப் பார்த்தார். கண்டுபிடிக்கத் தேவையே இல்லாத மெஷினுக்கு எதற்கு அவ்வளவு கொட்டிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு. அந்தக் கணக்கை அவனிடம் சொல்ல முடியாது. அவனிடம் என்ன, யாரிடமும் சொல்ல முடியாது.

கீழ வீதியில் அவருக்குப் பாத்திரக்கடை. சீர் பாத்திரங்களில் பேர் வெட்டுவதில் அவர் கைக்கு ஒரு மதிப்பு உண்டு. ஒரு எழுத்துப் பிசகாது. எதையும் வைத்த இடத்தில் வைப்பார், வைத்த இடத்தில் எடுப்பார். மனைவி தாட்சாயிணி பீரோ சாவியைத் தேடினால் போதும், "பொருள வெக்கத் தெரியாதவ" என்று அன்றைக்கு முழுக்க ஆரம்பித்துவிடுவார். இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் ஆடி அமாவாசையன்று அது நடந்தது.

வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்குக் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுப்பது அவர் வழக்கம். அன்றைக்கு மணல் தெரியாத கூட்டம். எள்ளும் அரிசியும் காலில் ஒட்டும். குளிக்கிறவர்களின் பை, செருப்பு, செல்போன் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள பாத்திமா மேரி என்று ஒரு பெண்பிள்ளை இருந்தாள். பெரிய குடை ஒன்றை நட்டு, தார்ப்பாய் விரித்து, பைகளை வரிசையாக வைத்துக்கொண்டு நடுவில் மாங்காய்ப் பத்தையும் வேர்க்கடலையும் விற்பாள். கழுத்தில் ஜெபமாலை. பைக்காரர்கள் திரும்பி வந்து கொடுப்பதை வாங்கிக்கொள்வாள். இவ்வளவு தா என்று கேட்டதில்லை. அமாவாசை, மாசி மகம் போன்ற நாட்களில் வருவதுதான் அவளுக்குக் கைக்கு வருகிற காசு. ஹேமசபேசனும் மூன்று வருஷமாக அவளிடம்தான் பை கொடுக்கிறார்.

தண்ணீரில் இறங்கும்போது ஐயர், "தர்ப்ப போடற விரல்ல மோதரம் வேணாம், கழட்டிடுங்கோ" என்றார். கழற்றினார். எப்போதும் சட்டைப் பையில் போட்டுப் பையில் வைப்பார். அன்றைக்குச் சட்டை ஏற்கெனவே பையோடு அவளிடம் போயிருந்தது. கையிலிருந்த எள்ளுப் பொட்டலத்துக்குள் மோதிரத்தை அமுக்கி மடித்து, பூஜைச் சாமான் கொண்டுவந்த மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார். மந்திரம் சொன்னார், பிண்டம் போட்டார், விரலில் கிடந்த தர்ப்பைப் பவித்திரத்தை அவிழ்த்துத் தண்ணீரில் விட்டார். மூன்று முழுக்குப் போட்டு எழுந்தபோது பொட்டலத்தின் ஞாபகம் சுத்தமாகப் போய்விட்டது.

கரையேறிச் சட்டைப் பையைத் தடவினார். இல்லை. அவளிடம் கொடுத்திருந்த பையைக் கொட்டினார். இல்லை. அப்புறம் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குக் காது சுடும்.

"எங்க வெச்ச?" என்று அவளைக் கேட்டார். முதலில் மெதுவாகத்தான் கேட்டார். அவள், "இன்னா சார், எது?" என்றாள். அந்த 'எது' அவருக்கு நடிப்பாகப் பட்டது. கத்தினார். கூட்டம் சேர்ந்தது. திருடி என்றார். அந்த வார்த்தையை ஒரு தடவை சொல்லி நிறுத்தவில்லை, வட்டம் போட்டு நின்ற ஒவ்வொரு பக்கமும் திரும்பித் திரும்பிச் சொன்னார். பாத்திமா மேரி மாதா மேல் ஆணையிட்டாள். அப்புறம் ஆணையும் எடுபடவில்லை என்று தெரிந்ததும், இடுப்பிலிருந்த சுருக்குப் பையை எடுத்து எல்லார் முன்னாலும் தலைகீழாகக் கவிழ்த்தாள். முந்தானையை உதறினாள். கடலைக் கூடையைக் கொட்டினாள். சில்லறையும் ஒரு தலைவலி மாத்திரையும் வெற்றிலைக் காம்பும் மணலில் விழுந்தன. மோதிரம் விழவில்லை. பை கொடுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து அவரவர் பையை எடுத்துக்கொண்டு போனார்கள். போகும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் போனார்கள்.

வீட்டுக்கு வந்து தாட்சாயிணியிடம் சொன்னார். அவள் அழுதாள். மோதிரம் அவள் அப்பா கையில் கிடந்தது. கல்யாணத்தன்று அவர் தன் விரலிலிருந்து கழற்றி மாப்பிள்ளைக்குப் போட்டார். மனிதர் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை.

ஆடி முடிவதற்குள் ஒரு மத்தியானம், கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த மஞ்சள் பையை எறும்பு மொய்க்கிறதே என்று எடுத்து முற்றத்தில் உதறினார். எள்ளு சிதறியது. எள்ளுக்கு நடுவில் சிவப்புக் கல் வைத்த மோதிரம் உருண்டு போய் துளசி மாடத்தில் முட்டி நின்றது.

அப்போதே கூப்பிட்டிருக்கலாம். தாட்சாயிணி அடுப்படியில்தான் இருந்தாள். கூப்பிட வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. மோதிரம் கிடைத்தது என்று சொன்னால் அடுத்த கேள்வி எங்கே என்பது. எள்ளுப் பொட்டலத்தில் என்று சொன்னால் அதற்கடுத்து அந்த அம்மா வந்து நிற்பாள், கவிழ்த்த சுருக்குப் பையோடு. ஹேமசபேசன் குனிந்து மோதிரத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு எள்ளைப் பெருக்கினார்.

அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. புவனகிரி பார்ட்டிக்குக் குத்துவிளக்கில் மாப்பிள்ளை பேருக்குப் பதிலாகச் சம்பந்தி பேரை வெட்டிவைத்தார். கடைப் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில்தான் ராஜகணேஷ் வந்து, "மாமா, எனக்கு என்னமோ அந்தம்மா எடுத்திருக்காதுன்னு தோணுது. கழட்டிட்டதா நீங்க நெனச்சிருப்பீங்க. பவித்திரத்த அவுத்து வுடும்போது கூடவே மோதிரமும் போயிருக்கும். நெறைய பேருக்கு அப்படி ஆயிருக்கு. மணல்ல பொதஞ்சிதான் கெடக்கும், மெஷின் வெச்சி எடுக்கலாம்" என்றான்.

மூழ்குகிறவனுக்குக் கயிறு கிடைத்த மாதிரி அவர் அதைப் பிடித்துக்கொண்டார். மெஷின் வாங்குவது. அவள் கண்ணெதிரேயே கடலோரத்தில் தேடுவது. யாரும் பார்க்காதபோது மணலில் அமுக்கிவிட்டு, மெஷின் கத்தியதும் தோண்டி எடுப்பது. அவள் பேரும் சுத்தமாகிவிடும், தன் பேரும் கெடாது. இதைவிட நல்ல வழி இருக்கிறதா என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டார். இல்லை என்று பதிலும் தானே சொல்லிக்கொண்டார்.

ஆவணி ஞாயிற்றுக்கிழமை ராஜகணேஷின் காரில் மூவரும் கிளம்பினார்கள். தாட்சாயிணி புளிச்சோறும் பொட்டுக்கடலைத் துவையலும் கட்டிக்கொண்டாள். ஆலப்பாக்கம் தாண்டி, சிப்காட் தாண்டி, வழியெல்லாம் அவள் அப்பாவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

"அப்பா சோறு பெசையறப்ப அத கழட்டி தண்ணி லோட்டாவுக்குப் பக்கத்துல வெக்கும். ஞாபகம் இருக்கா தம்பி? நான் எடுத்து கட்ட வெரல்ல மாட்டிக்குவேன்."

"இருக்குக்கா."

"கெடச்சிடும் இல்ல?"

"கெடச்சிடும்," என்று முந்திக்கொண்டு சொன்னது ஹேமசபேசன்தான். அவள் பின்சீட்டிலிருந்து அவர் தோளைத் தொட்டாள். அந்தக் கையை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை, ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

பாத்திமா மேரி அதே இடத்தில் இருந்தாள். குடை இருந்தது, தார்ப்பாய் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, குளிக்கிற கூட்டம் கொஞ்சம் இருந்தும் தார்ப்பாயில் ஒரு பைகூட இல்லை. கடலைக் கூடை மட்டும் இருந்தது. இவர்களைப் பார்த்ததும் அவள் எழுந்து நின்றாள். தாட்சாயிணி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

"வணக்கம் சார்," என்றாள் பாத்திமா மேரி. "மறுபடியும் எதுனா காணாம போச்சா?"

குத்தலாகக் கேட்டாளா, பயந்து கேட்டாளா என்று அவருக்குப் புரியவில்லை. "இல்ல, அதுவேதான். தண்ணில போயிருக்குமோன்னு தேட வந்தோம்" என்றார்.

"நல்லா தேடுங்க சார். கெடச்சா எனக்குத்தான் மொதல்ல நிம்மதி. நானும் டெய்லி விடிகாலைல வந்து காலால துழாவிப் பாத்துகினுதான் இருக்கேன்."

ஹேமசபேசனுக்கு அந்த இடத்திலேயே மணலுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

ராஜகணேஷ் மெஷினை முடுக்கினான். ஈர மணலில் அதன் வட்டத் தட்டை வைத்ததுதான் தாமதம், அது கத்த ஆரம்பித்தது. இடது பக்கம் கொண்டுபோனாலும் கத்தியது, வலது பக்கம் கொண்டுபோனாலும் கத்தியது. அலை வந்தால் ஒரு கத்தல், அலை போனால் ஒரு கத்தல். குளிக்க வந்த பிள்ளைகள் சிரித்தார்கள்.

"சொன்னேனே மாமா, கேட்டீங்களா? உப்ப பாத்து கத்துது. சென்சிட்டிவிட்டிய கொறைக்கறேன் இருங்க." குறைத்தான். சத்தம் நின்றது. தன் மோதிரத்தைக் கழற்றி ஈர மணலில் போட்டு அதன்மேல் மெஷினைக் கொண்டுபோனான். ஒரு முனகல்கூட இல்லை. "இப்ப உப்பும் தெரியல, தங்கமும் தெரியல. காய்ஞ்ச மணல்ல வேணா கொஞ்சம் கேக்கும்."

ஹேமசபேசனுக்கு அப்போதுதான் உறைத்தது. அலையோரத்தில் புதைத்தால் இந்த மெஷின் எடுக்காது, அலை எடுத்துக்கொண்டு போய்விடும். நல்ல மெஷினை வாங்கியிருந்தால் இந்நேரம் கண்டெடுத்துக் கொண்டாடியிருக்கலாம். கஞ்சத்தனம் பொய்யையும் சேர்த்துக் கெடுத்தது. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று மேட்டுக்கு வந்தார். காய்ந்த மணலில் எங்கே பார்த்தாலும் ஆள். பாத்திமா மேரி குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்ப் பக்கம் போயிருந்தாள். அவள் குடைக்குப் பின்னால் சாக்கு மறைப்பு ஒன்று இருந்தது. அந்த மறைவில் குந்தி, இடுப்பிலிருந்ததை எடுத்து, கையளவு தோண்டிப் போட்டு மூடினார். எவர் கண்ணிலும் படக் கூடாது என்பதைத் தவிர வேறு எதையும் அவர் யோசிக்கவில்லை. புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது.

"மச்சான், வேட்டி மாத்துனது இந்தப் பக்கம். இங்கயும் ஒரு தடவ பாரு" என்று கூப்பிட்டார்.

காய்ந்த மணலில் மெஷின் ஒழுங்குக்கு வந்தது. ஒரு சோடா மூடி, ஒரு சேஃப்டி பின். அப்புறம் சாக்கு மறைப்புக்குப் பின்னால் போனபோது தெளிவாக ஒரே சுருதியில் கத்தியது. ராஜகணேஷ் குந்திக் கையாலேயே தோண்டினான். சிவப்புக் கல் வெயிலில் தெரிந்தது.

"அக்கா," என்றான்.

தாட்சாயிணி ஓடி வந்து மோதிரத்தை வாங்கி முந்தானையில் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஹேமசபேசன் மூச்சை விட்டார். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நினைத்தார். அந்த நினைப்பு எவ்வளவு நேரம் நிலைத்தது? தாட்சாயிணி தலையைத் தூக்கி, குடையைப் பார்த்து, சாக்கைப் பார்த்து, அப்போதுதான் குடத்தோடு வந்து நின்ற பாத்திமா மேரியைப் பார்க்கும் வரைதான்.

"இங்க பொதச்சி வெச்சிருக்கா பாரு தம்பி. சூடு ஆறினதும் எடுத்துக்கலாம்னு. தண்ணில போனது தானா நடந்து வந்து இவ குடைக்குப் பின்னாடி குந்திகினு இருந்துதா?"

"அக்கா, அவசரப்படாத..."

"இன்னாடா அவசரம்? இவரு அன்னைக்கே சொன்னாரு. நாமதான் பாவம் பாத்தோம்."

பாத்திமா மேரி குடத்தைக் கீழே வைத்தாள். இந்தத் தடவை அவள் ஆணையிடவில்லை. நான் எடுக்கவில்லை என்றுகூடச் சொல்லவில்லை. இடுப்பில் கையை விட்டுச் சுருக்குப் பையை எடுத்தாள். யாரும் கேட்காமலேயே அதைப் பிரித்துத் தலைகீழாகக் கவிழ்த்தாள். சில்லறை விழுந்தது. அப்புறம் முந்தானையை எடுத்து உதறினாள்.

"வேணாம்," என்றார் ஹேமசபேசன். "வேணாம்மா. உதறாதீங்க. நான்தான் வெச்சேன்."

மூவரும் அவரைப் பார்த்தார்கள்.

"இப்பதான், சித்த முன்ன, நான்தான் பொதச்சேன். இவங்க எடுக்கல. எள்ளுப் பொட்டலத்துல வெச்சிட்டு மறந்துட்டேன். ஆடியிலயே வீட்டுல கெடச்சிடுச்சி."

மெஷின் மணலில் கிடந்து மெல்லக் கத்திக்கொண்டிருந்தது. ராஜகணேஷ் குனிந்து அதை நிறுத்தினான். நிறுத்திவிட்டு நிமிரவே இல்லை.

"ஆடியிலயேவா?" என்றாள் தாட்சாயிணி. "நான் அப்பா படத்துக்கு முன்னாடி குந்தி அழுதப்பலாம் அது உங்க இடுப்புலயா இருந்துது?"

"ஆமா."

அவள் மோதிரத்தைத் தன் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டாள். பாத்திமா மேரியின் காலடியில் குந்தி, மணலில் சிதறிய சில்லறையை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பொறுக்கியதை நீட்டியபோது, "என்ன மன்னிச்சிடுங்கக்கா" என்றாள்.

"நீ இன்னாமா பண்ணுவ, சொன்னத நம்புன" என்று பாத்திமா மேரி வாங்கிக்கொண்டாள். பிறகு ஹேமசபேசன் பக்கம் திரும்பினாள். "சார், கோயில்ல ஃபாதர்கூட கூப்பிட்டு கேட்டாரு. மீன் ஏலத்துல பொம்பளைங்க என்னக் கண்டா பைய இடுக்கிக்கறாங்க. இப்ப நீங்க இந்த மூணு பேருகிட்ட சொன்னா ஆயிடுச்சா?"

"நான் இன்னா செய்யணும், சொல்லுங்க."

"அன்னைக்கு எம்மாம் கூட்டம்? இன்னைக்கு யாரு இருக்கா? புரட்டாசி அமாவாசைக்கு வாங்க. அதே கூட்டம் வரும். அப்ப சொல்லுங்க."

புளிச்சோறு பிரிக்காமலேயே வீட்டுக்கு வந்து, சாயங்காலம் மாட்டுத் தொட்டிக்குப் போனது. மெஷினை ராஜகணேஷ் கடை அலமாரியில் மேலே தூக்கி வைத்துவிட்டான். தாட்சாயிணி அவரைத் திட்டவில்லை. வேளாவேளைக்குச் சோறு போட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். சாவி காணாமல் போன ஒரு நாள் அவள் வீடு முழுக்கத் தேடினாள். அவர் வாயே திறக்காமல் கூடச் சேர்ந்து தேடினார்.

புரட்டாசி மகாளய அமாவாசையன்று தனியாக பஸ் ஏறினார். வேறு கடற்கரைக்குப் போய்விடலாமா என்று கடலூர் வரும்வரை மனசு இழுத்தது.

கூட்டம் அன்றைக்கு மாதிரியேதான் இருந்தது. ஈர வேட்டிகள், எள்ளு, காக்கைகள், ஐயர்களின் குரல். பாத்திமா மேரியின் தார்ப்பாயில் பை இல்லை. அவர் போய் நின்றதும் அவள் எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். வருவார் என்று அவள் நம்பியிருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

ஹேமசபேசன் கூட்டத்தைப் பார்த்து நின்றார். தொண்டையைச் செருமினார். "ஆடி அமாவாசைல என் மோதிரத்த இந்தம்மா எடுத்துட்டாங்கன்னு சொன்னேன். அவங்க எடுக்கல. தப்பு என்னுது" என்றார்.

பக்கத்தில் வேட்டி பிழிந்துகொண்டிருந்த ஒருவர் மட்டும் திரும்பிப் பார்த்தார். அலைச் சத்தம் மீதியைக் கொண்டுபோய்விட்டது.

"கேக்கல சார்," என்றாள் பாத்திமா மேரி. "அன்னைக்குக் கத்துன மாதிரி சொல்லுங்க."

அவர் கத்தினார். வயிற்றிலிருந்து எடுத்துக் கத்தினார். தன் பேரைச் சொன்னார், கடையைச் சொன்னார், எள்ளுப் பொட்டலத்தைச் சொன்னார், திருடி என்று தான் சொன்ன வார்த்தையைச் சொன்னார். மந்திரம் பாதியில் நின்றது. தலைகள் திரும்பின. சிலர் முகத்தைச் சுளித்தார்கள், யாரோ சிரித்தார்கள், யாரோ செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். முடித்தபோது அவருக்குத் தொண்டை எரிந்தது, கண் மறைத்தது.

பாத்திமா மேரி கடைசிவரை கேட்டாள். பிறகு வடக்கே, அவர் குரல் போயிருக்க முடியாத தூரத்தில் குளித்துக்கொண்டிருந்த கூட்டத்தைக் கையால் காட்டினாள்.

"அந்தப் பக்கமும் சொன்னீங்க சார் அன்னைக்கு."

ஹேமசபேசன் அந்தப் பக்கம் திரும்பினார்.